விழாத கட்டடங்களின் கணக்கு

கட்டடப் பாதுகாப்பு விதிகளால் உண்மையில் பயன் விளைகிறதா என்னும் கேள்விக்கு விடை காண முற்படுபவர் எவரும் தொடக்கத்திலேயே ஒரு சங்கடத்தில் அகப்பட்டுக்கொள்கிறார். விழுந்த கட்டடத்துக்குத் தேதி உண்டு, இறந்தோர் தொகை உண்டு, விசாரணைக் குழு உண்டு, பத்திரிகைப் படங்கள் உண்டு. விதியைப் பின்பற்றி எழுந்து, அதன் காரணமாகவே விழாமல் நிற்கும் கட்டடத்துக்கோ இவற்றுள் ஒன்றுமே இல்லை. அது நிற்பது விதியினாலா, கட்டியவரின் யோக்கியதையினாலா, அல்லது இதுகாறும் சோதனை எதுவும் நேராத அதிர்ஷ்டத்தினாலா என்று பிரித்துச் சொல்லவும் இயலுவதில்லை. ஆகையால் விதிகளின் பலாபலனை மதிப்பிட விரும்புவோர், ஆயிரக்கணக்கான கட்டடங்களை ஒரே நிமிஷத்தில், செல்வர் மாளிகை என்றும் ஏழையர் குடியிருப்பு என்றும் பேதம் பாராமல் உலுக்கிப் பார்க்கும் பூகம்பத்தையே பெரும்பாலும் சாட்சிக்கு அழைக்க நேர்கிறது.

2010-ஆம் ஆண்டு அத்தகைய சாட்சிகள் இரண்டை ஏறக்குறைய ஆறு வார இடைவெளியில் கொண்டுவந்து நிறுத்தியது. ஜனவரி 12-ல் ஹெய்ட்டி நாட்டைத் தாக்கிய பூகம்பத்தின் அளவு 7.0, பிப்ரவரி 27-ல் சிலி நாட்டின் கரையோரத்தைத் தாக்கியதன் அளவு 8.8, அதாவது வெளிப்பட்ட சக்தியில் முன்னதைப்போல் ஏறத்தாழ ஐந்நூறு மடங்கு. ஹெய்ட்டியின் அரசாங்கம் அறிவித்த மரணத் தொகை 3,00,000-ஐக் கடந்தது. அதை மிகையென்று தள்ளிக் குறைத்துக் கணக்கிட்டவர்களும் பல பத்தாயிரங்களுக்குக் கீழே இறங்கவில்லை. சிலியில் மாண்டவர் சுமார் 525 பேர்; அவர்களிலும் கணிசமானோரைக் கொண்டுபோனது இடிந்த கூரையன்று, பின்தொடர்ந்து வந்த கடற்கோள். ஹெய்ட்டியில் அப்போது நாடு முழுவதையும் கட்டுப்படுத்தும் கட்டட விதி நடைமுறையில் இருக்கவில்லை. சிலியிலோ அது பல தலைமுறை வளர்ச்சி பெற்றது. விதிகளின் பெருமை பேச வருபவர்கள் இந்த ஒப்பீட்டோடு பேச்சை முடித்துக்கொள்வது வழக்கம். ஆனால் அதை அப்படியே ஏற்பது நியாயமாகாது. ஹெய்ட்டியின் பூகம்பம் தலைநகரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தூரத்தில், பூமிக்குள் அதிக ஆழமின்றிப் பிறந்தது. சிலியினுடையது கடலுக்கடியில் தோன்றியது. அன்றியும், சிமெண்டு வாங்கவே வழியில்லாத ஒரு நாட்டில் விதி இருந்திருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியும் எழாமல் இராது. விதியின் பலன் எவ்வளவு, செல்வத்தின் பலன் எவ்வளவு என்று பிரித்தறிய வேண்டுமானால், சிலியோடு செல்வநிலையில் பெரும் பேதமில்லாததும், எழுத்தளவில் அதற்குச் சற்றும் குறையாத விதிகளை உடையதுமான மற்றொரு பூகம்ப நாட்டை அதனருகில் வைத்துப் பார்க்க வேண்டும். துருக்கி அத்தகையது.

1939 டிசம்பரில் எர்சின்ஜான் பூகம்பத்துக்கு முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோரைப் பலிகொடுத்த துருக்கி, மறு ஆண்டே தன் முதல் பூகம்பக் கட்டட விதியை வெளியிட்டது. அதைப் பன்முறை திருத்தி 1975-ல் அது வெளியிட்ட விதியில், காங்கிரீட் தூண் அதிர்ச்சியில் திடீரென நொறுங்கிவிடாமல் வளைந்து கொடுத்து நிற்பதற்கு வேண்டிய நுட்பங்கள் முறையாகவே இடம்பெற்றிருந்தன. ஆயினும் 1999 ஆகஸ்ட் 17 அதிகாலையில் இஸ்மித் பிரதேசம் அதிர்ந்தபோது, அரசாங்கக் கணக்கின்படியே 17,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். சரிந்தவற்றுள் அந்த விதி அமலுக்கு வந்தபின் எழுந்த ஐந்தாறு மாடிக் குடியிருப்புகள் ஏராளம்.

இடிபாடுகளை ஆராய்ந்த பொறியாளர்கள் திரும்பத் திரும்பக் கண்ட பொருள் ஒன்றை நாமும் சற்று அருகில் சென்று பார்ப்பது நலம். தூணுக்குள் செங்குத்தாக நிற்கும் கம்பிகளைச் சுற்றி, குறித்த இடைவெளி விட்டு, மெல்லிய கம்பியைச் சதுரமாக வளைத்துக் கட்டுவார்கள். நம் ஊர்க் கம்பி வேலைக்காரர்கள் அதை ரிங் என்று சொல்வார்கள். அந்தச் சதுரத்தின் இரு முனைகளும் சந்திக்கும் மூலையில் அவற்றை 135 பாகை மடித்துத் தூணின் உட்பகுதிக்குள் செலுத்திவிட வேண்டும் என்பது விதி. 90 பாகையோடு நிறுத்திவிட்டால் முனைகள் தூணின் வெளிப்புறத்தை ஒட்டியே கிடக்கும். சாதாரண நாட்களில் இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. பூகம்பத்தில் தூணின் மேற்புறக் காங்கிரீட் உதிர்ந்த மாத்திரத்தில் 90 பாகை முனை பிடிப்பிழந்து விரிந்துவிடுகிறது; ரிங் விரிந்ததும் செங்குத்துக் கம்பிகள் வெளிப்புறமாகப் புடைத்து வளைகின்றன; உள்ளே கட்டுண்டு கிடந்த காங்கிரீட் சிதறுகிறது; மேலுள்ள தளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்துவிடுகின்றன. கூடுதலாக 45 பாகை மடிப்பதற்குச் செலவாகும் கம்பி சில அங்குலம். செலவாகும் நேரம் சில விநாடி. ஆனால் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் ரிங் மடிப்பவனுடைய மணிக்கட்டுக்கு அது பெரும் பாரம். கம்பி கட்டி முடித்துக் காங்கிரீட் போடும்வரை உள்ள அந்த ஓரிரு நாட்களில் கண்ணுள்ள எவரும் குற்றத்தைக் காணலாம். காங்கிரீட் போட்டபின் தேர்ந்த நிபுணரும் எளிதில் காண வழியில்லை.

ஆக, அங்கே குறைவுபட்டது விதியன்று, அந்த ஓரிரு நாட்களில் வந்து நின்று, ‘இதை அவிழ்த்து மறுபடி கட்டு; அதுவரையில் காங்கிரீட் போடாதே’ என்று சொல்லும் அதிகாரமே. துருக்கி அரசாங்கமும் இதை உணராமலில்லை. 2001-ல் கட்டட மேற்பார்வைக்கெனத் தனிச் சட்டம் இயற்றி, உரிமம் பெற்ற தனியார் நிறுவனங்கள் ஒவ்வொரு கட்டடத்தையும் பரிசோதிக்க வேண்டுமென்று முதலில் 19 மாகாணங்களிலும், 2011-லிருந்து நாடெங்கிலும் ஏற்பாடு செய்தது. ஏற்பாடு நேர்த்தியானது, அதன் நடுவில் இருந்த ஓட்டை ஒன்றுதான். எந்த நிறுவனம் பரிசோதிப்பது என்பதை நடைமுறையில் தீர்மானித்தவர் பரிசோதிக்கப்பட வேண்டிய ஒப்பந்தக்காரரே. இன்று ஒரு தூணை அவிழ்க்கச் சொன்ன நிறுவனத்துக்கு அவருடைய அடுத்த கட்டடம் கிடைக்காது என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்த ஓட்டையை அடைத்து, எந்தக் கட்டடத்துக்கு எந்த நிறுவனம் என்பதைக் கணினியே ஒதுக்கும் முறை 2019-ன் தொடக்கத்தில்தான் அமலுக்கு வந்தது.

அதற்கு முந்தின ஆண்டு நடந்த காரியம் இதைவிட விசித்திரமானது. 2018 ஜூனில் தேர்தல் வர இருக்க, மே மாதத்தில் அந்நாட்டுச் சட்டசபை, விதிமீறிக் கட்டப்பட்ட கட்டடங்களுக்குப் பொதுமன்னிப்பு வழங்கும் சட்டத்தை நிறைவேற்றியது. உடைமையாளர் தாமே விண்ணப்பித்து, குடியிருப்பாயின் அதன் மதிப்பில் 3 சதவிகிதம் செலுத்திவிட்டால், கட்டடம் பதிவேட்டில் ஏறிவிடும். அது பூகம்பத்தைத் தாங்குமா என்று எந்த அதிகாரியும் வந்து பார்க்க மாட்டார்; அந்தப் பொறுப்பு உடைமையாளரையே சார்ந்தது என்று சட்டமே ஒரு வாக்கியத்தில் கைகழுவிவிட்டது. இப்படிப்பட்ட மன்னிப்புகள் அந்நாட்டுக்குப் புதியவையல்ல; முன்னரும் பல முறை வழங்கப்பட்டிருந்தன. வழக்கமாகிவிட்ட மன்னிப்பில் ஒரு விபரீதம் உண்டு: பழைய குற்றத்தை மட்டும் அது துடைப்பதில்லை, அடுத்த மன்னிப்பு எப்படியும் வரும் என்ற நம்பிக்கையில் இன்று ஒரு மாடி கூடுதலாகப் போடுபவனுக்குத் தைரியமும் ஊட்டுகிறது. 2023 பிப்ரவரி 6-ல் 7.8 அளவிலும், அன்றைய பகலிலேயே 7.5 அளவிலும் இரண்டு பூகம்பங்கள் தென்கிழக்குத் துருக்கியை உலுக்க, அந்நாட்டில் மட்டும் 53,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்தாக்யா முதலிய சில இடங்களில் அதிர்ச்சி விதி எதிர்பார்த்த அளவையும் மீறிப்போயிற்று என்பதையும், ஆகவே எல்லாச் சரிவுக்கும் மோசடியே காரணமென்று சொல்வது தகாது என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எனினும் ஒரே தெருவில் ஒரு கட்டடம் தரைமட்டமாகக் கிடக்க, அடுத்தது விரிசலோடு நின்ற காட்சிக்குப் பூமியின்மேல் மட்டும் பழிபோட முடியாது.

இனிச் சிலிக்குத் திரும்புவோம். 1928-ல் தால்கா நகரத்தை அழித்த பூகம்பமே அந்நாட்டின் கட்டட விதிகளுக்கு வித்திட்டது, 1939-ல் சில்லான் நகரத்தில் நேர்ந்த பேரழிவு அவற்றைக் கடுமையாக்கியது, உலகில் கருவிகளால் அளக்கப்பட்டவற்றுள் மிகப் பெரியதான 1960-ஆம் ஆண்டின் வல்தீவியா பூகம்பமும் (அளவு 9.5), 1985-ல் நாட்டின் மத்தியப் பகுதியில் நேர்ந்ததும் ஒவ்வொன்றாக அவற்றைப் பரீட்சித்துத் திருத்தின. மெல்லிய தூண்களை மட்டும் நம்பாமல், காங்கிரீட்டைச் சுவர்களாகவே மாடிதோறும் எழுப்பிச் செல்லும் பழக்கம் அந்நாட்டுப் பொறியாளரிடையே வேரூன்றியது. அது செலவு மிகுந்தது. ஆனால் ஒரு தவறை மன்னிக்கக்கூடியது. இவையெல்லாம் தொழில்நுட்பம், இவற்றுக்குப் பின்னே நிற்கும் சட்டத்தின் தர்க்கமே என் நோக்கத்துக்கு முக்கியமானது. கட்டடத்தை முதன்முதலில் விற்றவர், அதன் கட்டமைப்பில் காணும் குறைகளுக்குப் பத்து ஆண்டுகள்வரை பொறுப்பாளி. கட்டமைப்புக் கணக்கைப் போட்டவரோடு சம்பந்தமில்லாத, பதிவேட்டில் இடம்பெற்ற வேறொரு பொறியாளர் அதைச் சரிபார்க்கும் ஏற்பாடும் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. அந்தச் சரிபார்ப்பாளருக்கும் ஊதியம் கொடுப்பவர் கட்டுவிப்பவர்தானே, பின் துருக்கிக்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று கேட்கலாம். வேறுபாடு பத்தாண்டுப் பொறுப்பில் இருக்கிறது. தம் கட்டடம் நாளைக்கு விழுந்தால் தாம் பதில் சொல்ல வேண்டும் என்று அறிந்தவர், குற்றம் கண்டுபிடிக்கும் பொறியாளரைத் தேடிப் போகிறார்; பதில் சொல்ல வேண்டியதில்லை என்று அறிந்தவர், கண்ணை மூடிக்கொள்பவரைத் தேடிப் போகிறார். ஊதியம் எவர் கையிலிருந்து வருகிறது என்பது மட்டுமன்றி, கொடுக்கும் கை எதற்கு அஞ்சுகிறது என்பதும் கணக்கில் சேர வேண்டும்.

2010-ல் சிலியிலும் விழுந்தது உண்டு. கொன்செப்சியோன் நகரத்தில் ‘ஆல்த்தோ ரியோ’ என்னும் 15 மாடிக் குடியிருப்பு, கட்டி முடித்து ஓராண்டு அளவே ஆன நிலையில், அடியோடு முறிந்து மல்லாந்து சாய்ந்தது. எட்டுப் பேர் இறந்தனர். வேறு பல உயர்ந்த கட்டடங்களில் சுவர்கள் மெலிந்தவையாக இருந்த இடங்களில் காங்கிரீட் நசுங்கியிருந்தது. 1985-ல் கனத்த சுவர்கள் காட்டிய உறுதியைக் கண்டு தைரியம் பெற்று, பின்னர் வந்தவர்கள் சுவரை மெலியவைத்துக் கட்டடத்தை உயரமாக்கிக்கொண்டே போனார்கள். விதி அதற்கு இடம் கொடுத்திருந்தது. அரசாங்கம் மண்ணின் தன்மையைப் பற்றியும் காங்கிரீட் சுவர்களைப் பற்றியும் புதிய ஆணைகள் இரண்டை 2011-லேயே வெளியிட்டது. 2014-ல் இக்கீக்கே அருகே 8.2 அளவிலும், 2015-ல் இய்யாப்பெல் அருகே 8.3 அளவிலும் பூகம்பங்கள் நேர்ந்தபோது இறந்தவர் தொகை முறையே ஆறும், பதினைந்து அளவும். சாட்சியம் என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் இதைச் சொல்லலாம்.

இதுவரை கூறியவை விதி பேசியதும் பேச்சைக் கேட்டதும் கேளாததுமான கதைகள். விதியே வாய் திறவாத இடமும் உண்டு. அதற்குக் கிழக்கு லண்டனில் இருந்த ‘ரோனன் பாயிண்ட்’ பிரசித்தமான உதாரணம். 22 மாடிகளும் 110 வீடுகளும் கொண்ட அக்கட்டடம், தூண்களும் உத்திரங்களும் இன்றி, தொழிற்சாலையில் வார்த்துக் கொண்டுவந்த காங்கிரீட் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மூட்டியது. டென்மார்க்கிலிருந்து வந்த அந்த முறை, வீட்டுப் பஞ்சம் தீர வேண்டும், உயரமாகக் கட்டினால் அரசாங்க மானியமும் அதிகம் என்ற அவசரத்தில், பிரிட்டனில் மிக உயரமான கட்டடங்களுக்கும் கையாளப்பட்டது. குடிபுகுந்து இரண்டு மாதமே ஆகியிருந்த 1968 மே 16 அதிகாலையில், 18-ஆம் மாடியில் குடியிருந்த மாது ஒருவர் தேநீருக்காக அடுப்பைப் பற்றவைக்கத் தீக்குச்சி கிழித்தார். குழாய் இணைப்பிலிருந்த தரக்குறைவான பித்தளை மறை ஒன்றன் வழியே இரவெல்லாம் கசிந்திருந்த வாயு வெடித்தது. வெடிப்பு அப்படியொன்றும் கடுமையானதல்ல. ஆனால் பாரம் தாங்கிய வெளிச்சுவர்ப் பலகையை அது தள்ளிவிட, மேலிருந்த மாடிகள் ஆதாரமிழந்து விழ, அந்தப் பாரத்தால் கீழிருந்தவையும் தரைவரை சரிந்தன. தென்கிழக்கு மூலை முழுவதும் போயிற்று. பெரும்பாலோர் படுக்கையறைகளில் உறங்கிய வேளையாதலாலும், சரிந்தவை அநேகமாகக் கூடங்களாதலாலும் நான்கு பேரே இறந்தனர். தீக்குச்சி கிழித்த மாது பிழைத்தார். அவருடைய அடுப்பும் பிழைத்தது. புதிதாகக் கிடைத்த வீட்டுக்கு அதையே அவர் எடுத்துச் சென்றார் என்பார்கள்.

ஹ்யூ கிரிஃபித்ஸ் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு கண்ட முடிவுதான் கவனிக்கத்தக்கது: அக்கட்டடம் அன்றிருந்த விதிகளை மீறிக் கட்டப்படவில்லை. ஓர் அங்கம் போனால் கட்டடம் தொடர்ந்து சரியுமா என்ற கேள்வியை எந்த விதியும் கேட்டிருக்கவில்லை. 1970-ல் வந்த திருத்தம் அக்கேள்வியைக் கேட்டது. ஐந்து மாடியும் அதற்கு மேலும் உள்ள கட்டடத்தில் எந்த ஒரு சுவரை எடுத்துவிட்டாலும் சேதம் ஓர் எல்லைக்குள் அடங்க வேண்டும். இன்றேல் அந்தச் சுவர் சதுர அங்குலத்துக்கு 5 பவுண்டு அழுத்தத்தைத் தாங்க வேண்டும். விதி எழுதுவோர் பொதுவாக நேற்றைய விபத்துக்கே மருந்து எழுதுகிறார்கள் என்று குறை கூறுவது உண்டு. இந்தத் திருத்தமோ நேற்றைய விபத்திலிருந்து வாயுவையும் பித்தளை மறையையும் உதறிவிட்டு, காரணம் எதுவாயினும் சரிவு பரவக்கூடாது என்ற பொதுத் தத்துவத்தை எடுத்துக்கொண்டது. பிற நாடுகளின் விதிகளுக்கும் அது வழிகாட்டியாயிற்று.

ஆனால் புதிய விதி பழைய கட்டடத்துக்குள் தானாக நுழைவதில்லை. ரோனன் பாயிண்டே பழுதுபார்க்கப்பட்டு மீண்டும் மக்கள் குடியேறிய கட்டடம். அதில் குடியிருந்தோரும், சாம் வெப் என்னும் கட்டடக் கலைஞரும் ஆண்டுக்கணக்கில் எச்சரித்துப் போராடிய பின்னரே அது காலி செய்யப்பட்டது. 1986-ல் அதை வெடிவைத்துத் தகர்க்காமல் மாடி மாடியாகப் பிரித்தெடுத்தபோது, பாரம் தாங்க வேண்டிய மூட்டுகளில் கலவை சரிவர நிரப்பப்படாமல் வெற்றிடம் விட்டிருந்ததும், பழைய செய்தித்தாள் திணிக்கப்பட்டிருந்ததும் வெளிப்பட்டன. விதிக்கு உட்பட்டே கட்டியது என்று சான்று பெற்ற கட்டடத்தின் உள் லட்சணம் அதுவாக இருந்தது. அவ்வகையைச் சேர்ந்த, தென் லண்டனில் உள்ள லெட்பரி குடியிருப்புகள் நான்கில், பலப்படுத்தும் வேலை நடந்ததற்கு உறுதியில்லை என்று கண்டு வாயுவைத் துண்டித்தது 2017-ல். விபத்துக்கும் அதற்கும் இடையே 49 ஆண்டுகள். அந்த ஆராய்ச்சிக்கும் தூண்டுகோல், சுவர் விரிசலைக் காட்டி விடாமல் கேள்வி கேட்ட குடியிருப்போரே.

தமிழ்நாட்டு வாசகருக்கு இவையெல்லாம் தூர தேசத்துச் செய்தியாகத் தோன்றினால், சென்னை போரூரை அடுத்த மௌலிவாக்கம் நினைவுக்கு வர வேண்டும். 2014 ஜூன் 28, சனிக்கிழமை மாலை மழையில், கட்டுமானம் முடியும் நிலையிலிருந்த 11 மாடிக் கட்டடம் சில விநாடிகளில் தரைமட்டமாயிற்று. 61 பேர் மாண்டனர். மாண்டவர்கள் அதைக் கட்டிக்கொண்டிருந்த தொழிலாளிகளும் அவர்கள் குடும்பத்தாரும். அவர்களில் பலர் ஆந்திரத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். இடி விழுந்ததே காரணம் என்று கட்டியவர் தரப்பில் கூறப்பட்டது. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரைக் கொண்டு அரசு விசாரணை நடத்தியது. பக்கத்தில் நின்ற இரட்டைக் கட்டடம் 2016 நவம்பர் 2-ல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. இவற்றைவிட என் கவனத்தைக் கவர்ந்தது, அனுமதி வழங்கிய பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் நிலைப்பாடு: சாலை அகலம், பக்க இடைவெளி, தளப் பரப்பு ஆகிய திட்ட அம்சங்களைப் பார்ப்பதே தன் வேலை, கட்டமைப்பின் உறுதி கட்டுவோரும் அவர்களுடைய பொறியாளரும் ஏற்க வேண்டிய பொறுப்பு. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். துருக்கியின் மன்னிப்புச் சட்டத்திலிருந்த அந்தக் கைகழுவும் வாக்கியத்துக்கு இது எவ்வளவு நெருங்கிய உறவு என்பதை வாசகர் பார்த்துக்கொள்ளலாம்.

இந்தியாவில் பூகம்பத்தைத் தாங்கும் கட்டடங்களுக்கான தர நிர்ணயம் 1962-லேயே வெளிவந்துவிட்டது. ரிங் முனையை 135 பாகை மடிக்கச் சொல்லும் தனி நிர்ணயமும் 1993-ல் வந்தது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு 1970-லிருந்து நான்கு முறை அச்சேறியிருக்கிறது. தொகுப்போ பரிந்துரை மட்டுமே. மாநிலங்களும் உள்ளாட்சிகளும் தம் விதிகளில் எடுத்துக்கொண்டாலன்றி அது எவரையும் கட்டுப்படுத்தாது. 2001 ஜனவரி 26-ல் கட்ச் பூகம்பம் நேர்ந்தபோது, இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்த ஆமதாபாத்தில், கார் நிறுத்துவதற்காகக் கீழ்த்தளத்தைச் சுவரின்றித் தூண்களின்மேல் விட்டிருந்த அடுக்குமாடிகள் பல அந்தத் தளத்திலேயே மடங்கி விழுந்தன. புத்தக அலமாரியில் நிர்ணயங்கள் அனைத்தும் இருந்தன.

தமிழ்நாட்டில் 2019-ல் வெளிவந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் முன்னிருந்த நிலையைக் காட்டிலும் மேலானவை என்பதில் சந்தேகமில்லை. பதிவுபெற்ற கட்டமைப்புப் பொறியாளர் கையொப்பமிட வேண்டும். சிறு குடியிருப்புகள் போன்றவை நீங்கலாக, பணி நிறைவுச் சான்று இல்லாமல் மின்சாரமும் குடிநீர் இணைப்பும் கிடையா. ஆனால் அந்தப் பொறியாளரை அமர்த்துபவர் கட்டுவிப்பவரே. சிலியில் உள்ளது போன்ற பத்தாண்டு அச்சமும் அவருக்கு அதே வலுவோடு கிடையாது. வீட்டுமனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் கட்டமைப்புக் குறைக்கு ஐந்தாண்டுப் பொறுப்பை மட்டுமே விதிக்கிறது. நிறைவுச் சான்றுக்காக வரும் அதிகாரி, அனுமதித்த வரைபடமும் கட்டிய கட்டடமும் ஒத்திருக்கின்றனவா என்று அளக்கலாம். தூணுக்குள் ரிங் எப்படி மடிந்திருக்கிறது என்று அவர் அளக்க முடியாது. ஆகவே பரிசோதனை வர வேண்டிய வேளை, சென்ட்ரிங் அடித்துக் கம்பி கட்டி, கலவை இன்னும் கொட்டாத வேளை. பரிசோதிப்பவருக்கான கட்டணத்தைக் கட்டுவிப்பவர் குழுமத்தில் செலுத்திவிட, ஆளைக் குழுமம் குலுக்கல் முறையில் அனுப்புவதும், அவர் ஒப்பமிடாமல் அந்தத் தளத்துக்குக் காங்கிரீட் போடக்கூடாது என்பதும் நடைமுறைக்கு ஒவ்வாத கற்பனையல்ல; அதன் முற்பாதியைத் துருக்கியே இப்போது செய்கிறது. தளத்துக்கு ஒரு நாள் வேலை நிற்கும், கூலி நஷ்டம் யார் கொடுப்பது என்பது ஒப்பந்தக்காரர்களின் ஆட்சேபம். 11 மாடிக் கட்டடத்தில் அது பதினொரு நாள், கூலியோடு கூடிய பதினொரு நாள். அதை விலையில் ஏற்றிக்கொள்ளட்டும், வாங்குபவர்கள் கொடுப்பார்கள்.